என் பெயர் ஒட்டிய கேன்

அன்று உப்பளத்தில் இருந்தவர்கள்: மேஸ்திரி கன்னியப்பன், குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றவர். தேசம்மா, எனக்கு முன்னால் கூடையோடு போனவள். குப்பு, எனக்குப் பின்னால் வந்தவள். லாரி டிரைவர், பெயர் தெரியாது, சக்கர நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம், லாரி மேலே நின்று கூடை வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் நான்.

இவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

வலி முதுகில் வலது பக்கம், விலாவுக்குக் கீழே பிடித்தது. கூடை தலையிலிருந்து சரிந்தது. உட்கார்ந்தேன், முடியவில்லை. படுத்தேன், அதுவும் முடியவில்லை. கல் வலி வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாந்தி வந்தது. அதோடு சேலையிலேயே சிறுநீர் போய்விட்டது. கொஞ்சம்தான். அதில் ரத்தம் இருந்தது. கொட்டிக் கிடந்த உப்பு வெள்ளை என்பதால் நன்றாகத் தெரிந்தது.

லாரி டிரைவர் எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நல்ல மனிதர். ஆனால் அவர் திரும்பியதுதான் எனக்கு வலியைவிடப் பெரிதாக இருந்தது.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாவது வரை படித்தேன். இதே நோய் உள்ளவர்கள் படிப்பார்கள் என்று எழுதக் கேட்டவர்கள் சொன்னதால் எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது.

எங்கள் உப்பளம் கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே. தொண்ணூறுகளில் அங்கே பாத்தியும் வரப்பும்தான். ஒரு செடி கிடையாது. வரப்பில் ஒரு ஆள் நின்றால் அரை மைலுக்குத் தெரியும். ஆம்பளைகள் திரும்பி நின்று ஒண்ணுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் விடிவதற்கு முன்னால் வீட்டில் போய்விட்டு வந்தால், பொழுது சாய்ந்த பிறகுதான். அதனால் தண்ணீர் குடிக்க மாட்டோம். வேலைக்கு வந்த புதிதில் மாமியார் சொல்லிக் கொடுத்தது அது. காலையில் கொஞ்சம் கஞ்சி. மத்தியானம் வாய் கொப்புளித்துத் துப்புவோம். தாகம் பழகிவிடும்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஐம்பது வயசுக்காரர். சத்தம் போட மாட்டார்.

"வலது பக்கம் பெரிய கல்லு அடைச்சிருக்கு. ரொம்ப நாளா வலிச்சிருக்குமே?"

"லேசா வலிக்கும் சார்."

"எவ்ளோ நாளா?"

"பெரிய பொண்ணு பொறந்ததிலேர்ந்து."

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். பெரிய பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயசு.

அது ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீர் வெளியே போக வழி இல்லாமல் தேங்கி, சிறுநீரகம் வீங்கிப்போவது). ஆபரேஷன் செய்தார்கள். விலா ஓரமாக ஒரு சாண் தழும்பு. கல் வந்துவிட்டது. சிறுநீரகம் முழுதாகத் திரும்பி வரவில்லை.

தையல் பிரித்த அன்று டாக்டர் சொன்னார்: "வலது கிட்னி இனிமே பேருக்குத்தான். இடது பக்கத்தை நம்பித்தான் நீங்க இருக்கணும். அதுல கல்லு சேராம பார்த்துக்கணும். தண்ணி எவ்ளோ குடிக்கறீங்க?"

"நல்லா குடிப்பேன் சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, உட்கார்ந்து விளக்கினார். கல் வராமல் தடுக்க ஒரே மருந்து இல்லை. சிலருக்குச் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் போகும். அவர்களுக்கு தயாசைடு (சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் போவதைக் குறைக்கும் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பது). சிலருக்கு யூரிக் அமிலம் அதிகம். அவர்களுக்கு அலோபியூரினால் (அந்த அமிலம் உடம்பில் உண்டாவதைக் குறைக்கும் மாத்திரை). சிலருக்கு சிட்ரேட் (கல் சேராமல் தடுக்கிற, சிறுநீரில் தானாகவே இருக்க வேண்டிய ஒரு சத்து) குறைவு. அவர்களுக்கு பொட்டாசியம் சிட்ரேட் மருந்துத் தண்ணீர். எது யாருக்கு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவந்து பரிசோதிக்க வேண்டும்.

"ஒரு சொட்டு விடாம வேணும்மா," என்றார்.

லேப்பில் வெள்ளைக் கேன் ஒன்று கொடுத்தார்கள். ஐந்து லிட்டர். அதில் என் பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு போவதை எல்லாம் சேர்த்து, மறுநாள் காலை முதலில் போவதோடு நிறுத்த வேண்டும். கேனைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். நான் ஈரச் சாக்கு சுற்றி வைத்தேன். வேலைக்குப் போகவில்லை. அக்கம்பக்கம் பார்க்காமல் குளிக்கிற மறைப்புக்கும் வீட்டுக்கும் கேனைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். சாக்கை எடுத்துவிட்டிருந்தேன், ஈரம் மற்றவர்கள் மேல் படும் என்று. கேன் வெள்ளை என்பதால் உள்ளே இருப்பது தெரிந்தது. நான் குடிக்கிற தண்ணீருக்கு அது நல்ல பழுப்பாக இருந்தது.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இன்னாமா கேன்ல?"

நான் கேனைக் காலுக்குப் பின்னால் தள்ளினேன்.

"உன்னத்தாம்மா. டீசலா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "கலரு அப்டிதான் கீது," என்றாள்.

பின்னாலிருந்து ஒரு ஆள்: "உப்பளத்து எஞ்சினு டீசலு அண்ணாத்த. உருவிகினு வந்து செங்கல்பட்டுல விக்கிது. நல்ல யாவாரம்."

சிரித்தார்கள். கண்டக்டர் மூடியில் கை வைத்தார். மோந்து பார்க்கப் போகிறார் என்று தெரிந்தது.

"டீசல்தான்," என்றேன்.

"எறங்கு, எறங்கு. பின்னாடி ஒருத்தன் பீடி வலிச்சிகினு கீறான். பஸ்ஸோட கொளுத்தப் பாக்கறியா?"

திருப்போரூர் தாண்டி இறக்கிவிட்டார்கள். சிறுநீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்திருப்பேன். டீசல் திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு இறங்கினேன். எனக்கு அது சுலபமாக இருந்தது.

அடுத்த பஸ்ஸில் ஏற மனசு வரவில்லை. ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, காலிக் கேனோடு வீட்டுக்கு வந்தேன்.

"கொட்டிப்போச்சி," என்றேன்.

என் வீட்டுக்காரர் பஸ்ஸில் நடந்ததை முழுசாகக் கேட்டார். பிறகு சிரித்தார். "போவுது வுடு. மூத்திரத்துக்கு இன்னாடி பஞ்சம்? நாளைக்கு மறுபடி புடி."

"மறுபடி லீவு கேட்டா மேஸ்திரி வேற ஆள போட்டுக்குவாரு." ஆபரேஷனுக்கு ஏற்கெனவே இரண்டு மாசம் போகவில்லை. அதுவும் உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. அந்தக் கேனை இன்னொரு தரம் தூக்க என்னால் முடியாது.

அவர் கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் புடிச்சித் தரேன்."

"உன்னுது எப்படி?"

"ஒரே சோறு துன்றோம். ஒரே கொடத்துத் தண்ணி குடிக்கிறோம். ஒரே பாத்தியில வேல செய்யறோம். உன்னுதுல இன்னா வரப்போவுதோ அதான என்னுதுலயும் வரும்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இதில் நான் சிரிக்கச் சொல்லவில்லை. எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவருக்கு வெட்கம் கிடையாது. லாரி சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று கேனில் போனார். மறுநாள் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவரே லேப்பில் கொண்டுபோய்க் கொடுத்தார். கேனில் என் பெயர் அப்படியே இருந்தது.

ரிசல்ட் வந்தது. சுண்ணாம்புச் சத்து அதிகம் என்றார் டாக்டர். தயாசைடு மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று. சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார். வெளியே வந்து என் வீட்டுக்காரர், "உப்பு வார்றவளுக்கு உப்பு ஆவாதாமே," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு மாசம் கழித்து ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருந்தார் டாக்டர். போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டேன். ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டேன்.

மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் அதிகம் போகும். அதனால் தண்ணீரை இன்னும் குறைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. எழுந்தால் கண் இருட்டும். கூடை கனமாகிவிட்டது போல இருந்தது, உப்பு அதே உப்புதான். தேசம்மா, "இன்னாடி அமுலு, நடக்கறியா மெதக்கறியா?" என்பாள். ஆபரேஷன் செய்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வருசம் இப்படி ஓடியது. சித்திரையில் ஒரு நாள் பாத்திக்குள்ளேயே விழுந்தேன். அதே லாரியில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ரத்தத்தில் பொட்டாசியம் (தசைக்கும் இதயத்துக்கும் வேண்டிய உப்புச் சத்து) கீழே போயிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் இதயம் நின்றிருக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் கல் தெரிந்தது. போன வருசம் அங்கே ஒன்றும் இல்லை.

டாக்டருக்குப் புரியவில்லை. பழைய ரிசல்ட்டை எடுத்து வரச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். கட்டிலில் நான் படுத்திருந்தேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றார்.

"உங்க எடை என்னம்மா?"

"நாப்பத்தொன்னு."

"ஆபரேஷன் முன்னாடி?"

"அதேதான் சார்."

அவர் காகிதத்தில் ஓர் இடத்தில் விரல் வைத்தார். கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரில் போகிற கழிவு, ஆள் பருமனைப் பொறுத்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் போகும்) என்று ஒன்று இருக்கிறதாம். "உங்க உடம்புக்கு இதுல பாதிகூட வராது. இது எண்பது கிலோ ஆளோட மூத்திரம்."

அறையில் எண்பது கிலோ ஆள் ஒருத்தர்தான் இருந்தார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "என்னுது சார். அதுக்கு வெக்கம். நான்தான் புடிச்சிக் குடுத்தேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வருசமா இந்தம்மா உனக்கு மாத்திரை சாப்பிட்டிருக்கு," என்றார். அப்புறம், "நானும் இதை அன்னிக்கே பார்த்திருக்கணும்," என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. அந்த மனிதர் தலையைக் குனிந்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப சொல்லுங்க. தண்ணி எவ்ளோ குடிக்கறீங்க?"

சொன்னேன். கஞ்சி, வாய் கொப்புளிப்பது, வரப்பு, லாரி, எல்லாம் சொன்னேன். ஒரு ஆம்பளையிடம் நான் பேசிய பேச்சில் அதுதான் ரொம்ப நீளமானது. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் மெதுவாக விளக்கினார். தண்ணீர் இல்லாத உடம்பில் அந்த மாத்திரை இருந்த தண்ணீரையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளிவிட்டது. பொட்டாசியம் இறங்கினால் சிட்ரேட்டும் இறங்கும். கல்லைத் தடுக்கிற மருந்தே எனக்குக் கல் சேர இடம் கொடுத்துவிட்டது. என் வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகம் போவது உப்பும் கருவாடும் அதிகம் சாப்பிடுவதால் இருக்கலாம், அவரையும் ஒரு தரம் வரச் சொன்னார்.

உடம்பு தேறிய பிறகு மறுபடி கேன் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போகாமலே, பெண்கள் வார்டில் வைத்துப் பிடித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாள், "இன்னா அமுலு, இன்னிக்குக் கறவை எவ்ளோ?" என்று தினமும் கேட்பது போலக் கேட்டாள். முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் அது என்னுடையது. அறுநூறு மில்லிதான் இருந்தது. சுண்ணாம்புச் சத்து சாதாரணம். யூரிக் அமிலம் சாதாரணம். சிட்ரேட் மிகவும் குறைவு.

தயாசைடை நிறுத்தினார். பொட்டாசியம் சிட்ரேட் எழுதினார். அது சிவப்பாக, பாட்டிலில் வரும். இரண்டு ஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பிட்ட பிறகு, மூன்று வேளை. புளிப்பும் உப்புமாக இருக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் எரியும். கலக்காமல் குடிக்கக் கூடாது. எனக்கு வலது பக்கம் கெட்டுப்போயிருப்பதால் பொட்டாசியம் ரத்தத்தில் தங்கி ஏறிவிடவும் கூடும் என்றார். ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தார். அடுத்தவருக்குக் கேட்கிறதே என்று நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். கணவன் மனைவி ஒரே குடத்துத் தண்ணீர் குடித்தாலும் மருந்து ஒன்று இல்லை.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "மருந்து பாதி வேலைதான் செய்யும். ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டராவது மூத்திரம் போகணும். போகலேன்னா இடது பக்கமும் போயிடும். அப்புறம் என்கிட்ட மருந்து இல்ல."

ரெண்டு லிட்டர். நான் அதை வெயிலில், வரப்பில், எங்கே போவேன்? ஆஸ்பத்திரிப் படியில் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

வேறு வேலைக்குப் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். எங்கே போனாலும் அதே கேள்விதான் என்று எனக்குத் தெரியும். வேலைக்குத் திரும்பிய அன்று காலை, கூடையை எடுப்பதற்கு முன்னால் மேஸ்திரியிடம் போனேன்.

"மேஸ்திரி, ஒரு மறைப்பு வேணும்."

"இன்னா மறைப்பு?"

எல்லாரும் நின்றுவிட்டார்கள். "ஒண்ணுக்குப் போவ," என்றேன்.

அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "இத்தினி வருசமா எங்க போனீங்கோ?"

தேசம்மாதான் சொன்னாள்: "எங்கயும் போவல மேஸ்திரி. அதான் இவளுக்கு ஒரு கிட்னி பூட்ச்சி."

"மொதலாளி இன்னா சொல்லுவாரோ."

"மொதலாளிய ஒரு நாளிக்கு எங்ககூடக் கூடை தூக்கச் சொல்லு," என்றாள் குப்பு. "தண்ணி குடிக்காம, ஒண்ணுக்குப் போவாம. அப்பால அவரு சொல்றதக் கேட்டுக்கறோம்."

மேஸ்திரி எங்களைப் பார்க்கவில்லை. பாத்தியைப் பார்த்தார். அவர் வீட்டிலும் பெண்கள் உண்டு. "கிழிஞ்ச தார்ப்பாய் ஒன்னு கொட்டாயில கீது," என்றார். "கம்பு நீங்களே பாத்துக்கோங்கோ."

என் வீட்டுக்காரர் சவுக்குக் கம்பு நாலு கொண்டுவந்து நட்டார். தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினார். யாரும் கேலி பேசவில்லை. பேசினால் அடித்திருப்பார்.

முதலில் போனது நான். உச்சி வெயில். வரப்பின் மேல் அத்தனை தூரம் நடந்தேன். நான் எங்கே போகிறேன் என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கால் கூசியது. பாதியில் திரும்பிவிடலாம் என்று இருந்தது. போனேன். திரும்பி வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். தேசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வெட்கம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இன்றைக்கும் கூசுகிறது. கூசிக்கொண்டே போகிறேன். இதைப் படிக்கிறவர்கள் வெட்கம் போகட்டும், அப்புறம் டாக்டரிடம் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். அது போகாது.

முன்பெல்லாம் என் நாளுக்கு இரண்டு முனைதான். விடிவதற்கு முன்னால் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. நடுவில் உடம்பு என்று ஒன்று கிடையாது, தலையும் கூடையும்தான். இப்போது நடுவில் பொழுது இருக்கிறது. வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தண்ணீர் குடிக்கிறேன். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே முன்பு தெரியாது. இப்போது கூடையைத் தலைக்குத் தூக்குவதற்கு முன்னால் கை தானாக அங்கே போய்த் தொட்டுவிட்டு வருகிறது.

இடது பக்கக் கல் சின்னது. அது வளரவில்லை. மறு வருசம் மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி ஒரு நாள் சிறுநீர் கேட்டார் டாக்டர். லீவு போடவில்லை. கேனை உப்பளத்துக்கே கொண்டுபோய் மறைப்புக்குள் வைத்தேன். யாரும் எட்டி உதைத்துவிடக் கூடாது என்று குப்பு எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் செங்கல்பட்டு லேப்பில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. லேப்பில் இருந்த பெண் காகிதத்தில் என் பெயரைப் படித்தாள்.

"உங்களுதுதானே?" என்றாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"என்னுதுதான்."

கண்ணாடி அளவையில் ஊற்றி, குனிந்து பார்த்து எழுதினாள்.

இரண்டாயிரத்து நூற்றைம்பது மில்லி.